விரலுக்கு மறுமொழி சொல்லும் விசைப்பலகைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி வில் கொண்ட பழைய மெக்கானிக்கல் கணினி விசைப்பலகைகளை இளைஞர்கள் தேடித் தேடி வாங்கிச் சேர்க்கிறார்கள் என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்திருந்த செய்தியை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் அஞ்சல்தலையையும் பழைய நாணயத்தையும் சேர்ப்பது போன்ற ஒரு பொழுதுபோக்காக மட்டுமே அது எழுதப்பட்டிருந்தது எனக்கு மனக்குறையாக இருந்தது. நாற்பது ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து பிழைத்து வருகிற, இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் சிறியதொரு கணினித் தட்டச்சுக் கடை வைத்திருக்கிற எனக்கு, அந்த விசைப்பலகைகள் இன்றும் அன்றாடம் கைபடும் கருவிகள். அவற்றின் மேல் இருக்கும் பிரியத்துக்குப் பழைய நினைவுகள் ஒரு சிறு காரணம்தான். பெரிய காரணம் அவற்றின் வேலைத்திறனில் இருக்கிறது. அதை விளக்கத்தான் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

1984ஆம் ஆண்டு, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த கோடை விடுமுறையில், துறைமுகத்தில் சரக்கைக் கணக்கெடுக்கும் டாலி கிளார்க்காக இருந்த என் தந்தை என்னை இராயபுரத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சேர்த்துவிட்டார். மாடியில் ஓடு வேய்ந்த ஒரு கூடம். ரெமிங்டன், கோத்ரெஜ், ஃபேசிட் என்று இருபதுக்கு மேற்பட்ட இயந்திரங்கள். காலை ஆறு மணிக்கே தெருமுனை வரை கேட்கும் தடதடப்பு. முதல் பாடம் எல்லாருக்கும் ஒன்றுதான்: இடக்கைக்கு ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப்; வலக்கைக்கு செமிகோலன், எல், கே, ஜே, எச், ஜே. பக்கம் பக்கமாக அதையே தட்ட வேண்டும். விசையைப் பார்த்து அடிக்கிறோம் என்று தெரிந்தால், எங்கள் ஆசிரியை கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்ற வேகத்தை எட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு எழுத்தும் தாளில் ஒரே கருமையோடு விழ வேண்டும் என்பதே அவருடைய கண்டிப்பு. சுண்டுவிரல் அடித்த ‘ஏ’ மங்கலாகவும் ஆள்காட்டி விரல் அடித்த ‘எஃப்’ அழுத்தமாகவும் இருந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடியும் அடிக்கச் சொல்வார்.

அந்தக் கண்டிப்பின் பொருள் தம்பு செட்டித் தெருவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒரு மனுவை அடித்தால் நீதிமன்றத்துக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று, அலுவலகக் கோப்புக்கு ஒன்று என்று கார்பன் தாள் வைத்து ஒரே அடியில் மூன்று நான்கு படிகள் எடுக்க வேண்டும். அடி வலுவில்லாமல் விழுந்தால் கடைசிப் படியில் எழுத்து இருக்காது. அளவுக்கு மீறி விழுந்தால் முற்றுப்புள்ளி முதல் தாளைத் துளைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் அளவை மூளைக்குச் சொல்லித்தர முடியாது. விசை அமுங்குவதையும், எழுத்துக்கம்பி எழுந்து தாளில் மோதுவதையும், அந்த மோதலின் அதிர்வு திரும்பி வருவதையும் உணர்ந்து உணர்ந்து விரல் தானாகக் கற்றுக்கொள்வது அது. தமிழ் இயந்திரத்தில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. புள்ளியை அடித்தால் தாளைத் தாங்கும் வண்டி நகராது. அது நகராமல் நிற்பதை விரல்நுனியே அறிந்துகொள்ளும். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, நம்முடைய 247 எழுத்துகளையும் ஒரு சிறிய இயந்திரத்துக்குள் கொண்டுவருவதற்கு இத்தகைய நகரா விசைகளைப் பயன்படுத்திய அருமையை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் அலுவலகத்துக்குக் கணினி வந்தது. அதனோடு வந்த விசைப்பலகை பார்வைக்கு அழகாக இருந்தது, விலையும் மலிவு. ஆனால் விரலை வைத்ததும் ஈரச் சோற்றில் கை வைத்தது போல இருந்தது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பின்னாளில் பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு விசைக்கும் அடியில் குடை போன்ற ஒரு ரப்பர் குமிழ். அதற்கும் அடியில், மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சிட்ட இரண்டு பிளாஸ்டிக் தாள்கள். அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் துளையிட்ட மூன்றாவது தாள். குமிழ் மடங்கி அடிவரை போய் மேல்தாளைக் கீழ்த்தாளோடு சேர்த்தால்தான் எழுத்து திரையில் வரும். குமிழ் மடங்குவதை விரல் உணர்கிறது. ஆனால் எழுத்து பதிவாவது அதற்குப் பிறகு, விசை தரையைத் தொடும் இடத்தில். ஆகவே ஒவ்வொரு விசையையும் அடிவரை குத்தினாலன்றி நிச்சயம் இல்லை. கார்பன் தாளுக்குப் பழகிய எங்கள் விரல்களுக்கு இது பெரிய குழப்பமாக இருந்தது. என்னோடு வேலை பார்த்தவர்கள் திரையைப் பார்த்துப் பார்த்து அடிக்கத் தொடங்கினார்கள். மூலப்படியின் மேல் இருக்க வேண்டிய கண் அங்கிருந்து விலகியது, அதனால் வரிகள் விட்டுப்போயின.

அந்தச் சமயத்தில்தான் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தைக் காலி செய்தபோது, வாசலில் கிடந்த பழைய சாமான்களுக்கு இடையே ஐபிஎம் நிறுவனத்தின் விசைப்பலகை ஒன்றைக் கண்டேன். முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். தூக்கும்போதே வேறுபாடு தெரிந்தது. இரண்டு கிலோவுக்கு மேல் எடை, உள்ளே முழு நீளத்துக்கு வளைந்த எஃகுத் தகடு. பின்பக்கத்து ஒட்டில் 1989 என்ற ஆண்டும், ஸ்காட்லாந்தில் செய்தது என்ற குறிப்பும் இருந்தன. ‘மாடல் எம்’ என்று உலகம் முழுவதும் கொண்டாடப்படுவது அதுதான் என்று அன்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்துக் கணினியில் பொருத்தி ஒரு வரி அடித்தேன். பயிலகத்தின் மாடிக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது போல விரல்கள் தாமாகவே நிமிர்ந்தன.

அதன் இயக்கத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒவ்வொரு விசைக்கும் அடியில் மெல்லிய சுருள்வில் ஒன்று நேராக நிற்கிறது. விசையை அமுக்க அமுக்க வில் சுருங்கிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் மேற்கொண்டு தாங்க முடியாமல் சட்டென்று ஒரு பக்கமாக வளைந்துவிடுகிறது. அப்படி வளையும்போது தன் காலடியில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் சுத்தியலைத் தள்ளிவிடுகிறது, சுத்தியல் சாய்ந்து தொடுதாளை (மின்கோடுகள் உள்ள பிளாஸ்டிக் தாள்களை) அழுத்துகிறது, எழுத்து பதிவாகிறது. விரல் உணரும் தளர்வு, காது கேட்கும் ஒலி, கணினி பெறும் எழுத்து ஆகிய மூன்றும் அந்த வில் வளையும் ஒரே நொடியில் நடக்கின்றன. தட்டச்சு இயந்திரத்தில் எழுத்துக்கம்பி தாளில் மோதுவதற்கு இணையானது இது. எழுத்து விழுந்துவிட்டது என்று கைக்குத் தெரிந்துவிடுவதால் கண் மூலப்படியிலேயே இருக்கலாம். இந்த விசைப்பலகைகள் பல பத்தாண்டுகளைக் கடந்தும் ஆட்களை ஈர்ப்பதற்கு நான் கண்ட முதற்காரணம் இதுவே.

இந்த வளையும் வில்லுக்கு ரிச்சர்டு ஹாரிஸ் என்ற பொறியாளரின் பெயரில் 1978இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியோடு ‘மாடல் எஃப்’ என்னும் விசைப்பலகை வந்தது. அதில் தொடுதாளே கிடையாது. மின்தேக்கத்தின் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறனின்) மாற்றத்தைக் கொண்டு விசையை அறியும் அமைப்பு. செலவைக் குறைத்துத் தொடுதாளோடு செய்த ‘மாடல் எம்’ 1985இல் வந்தது. நுட்பம் தெரிந்தவர்கள் பலரும் எஃப் வகையையே உயர்வாகச் சொல்வார்கள். ஆயினும் மேலே ஒரு வரிசையாகப் பன்னிரண்டு செயல்விசைகள், வலப்பக்கம் தனியாக எண் விசைகள், நடுவில் அம்புக்குறிகள் என்று இன்று நம் எல்லார் மேசையிலும் இருக்கும் பலகையின் அமைப்பை உலகெங்கும் நிலைபெறச் செய்தது எம் வகைதான். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் அதைச் செய்துவந்த பிரிவு 1991இல் லெக்ஸ்மார்க் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. 1996இல் அது இவ்வேலையைக் கைவிட்டபோது, அதே அச்சுகளையும் இயந்திரங்களையும் யூனிகாம்ப் என்ற சிறு நிறுவனம் வாங்கி, அதே வளையும் வில்லோடு தொடர்ந்து செய்துவருகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு கணினி உறுப்பு ஏறத்தாழ அதே வடிவில் இன்றும் விற்கிறது என்றால், அதற்கு இணையாக வேறொன்றைக் கணினி உலகத்தில் காட்டுவது கடினம்.

நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலோர் கைபட்டது வேறொரு மெக்கானிக்கல் பலகை. சென்னையில் தலைமையகம் கொண்ட டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் வெளியிட்ட ‘கோல்டு’ பலகையைப் பாரிமுனைத் தட்டச்சர்களிடமும், எம்.சி. சாலைத் துணிக்கடைகளின் பில் போடும் மேசைகளிலும், மின்னச்சுக் கடைகளிலும் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. ‘டிவிஎஸ் கீபோர்டு’ என்றால் எங்கள் தொழிலில் அதுதான். வேறு விளக்கம் தேவையில்லை. அதில் பல ஆண்டுகள் ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்து எம்எக்ஸ் நீல சுவிட்சுகள் இருந்தன. விசையின் மூடியைத் தாங்கும் நீலத் தண்டைச் சுற்றி வெள்ளை நிறத்தில் தனியாக நகரும் சிறு வளையம் ஒன்று உண்டு. தண்டு பாதித் தூரம் இறங்கியதும் அந்த வளையம் சுண்டிவிட்டது போலக் கீழே குதிக்கிறது. அதுதான் அந்தச் சொடுக்கு. விசை இறங்கும் முழுத் தூரம் 4 மில்லிமீட்டர். எழுத்து பதிவாவது ஏறத்தாழப் பாதியிலேயே. ஐபிஎம் வில்லைப் போல ஒலியும் பதிவும் துல்லியமாக ஒரே நொடி என்று சொல்ல மாட்டேன். ஆயினும் அடிவரை குத்த வேண்டியதில்லை என்பதைக் கை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு பயன் இருக்கிறது. அதை எங்கும் எழுதிப் பார்த்ததில்லை என்பதால் இங்கே விரித்துச் சொல்ல விரும்புகிறேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 என்ற விசை அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் வரும். பழைய தட்டச்சு முறையிலிருந்து அதற்கு மாற எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. மாறிய பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. அதில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டல் போதும். தமிழில் இரட்டிப்பு இல்லாத வரியைக் காண்பது அரிது. அதிலும் எங்களைப் போலக் கிரயப் பத்திரமும் அடமானப் பத்திரமும் அடிப்பவர்களுக்குப் பட்டா, வட்டி, எல்லை, பத்திரம் என்று எல்லாமே இரட்டிப்புதான். ரப்பர் குமிழ் முழுதும் எழும்புவதற்குள் விரல் இரண்டாம் முறை இறங்கினாலோ, இரண்டாம் தட்டல் அடிவரை போகாவிட்டாலோ ஒரு எழுத்து விழுங்கப்படுகிறது. ‘பட்டா’ ‘படா’ ஆகிறது. ‘வட்டி’ ‘வடி’ ஆகிறது. நான்கு எல்லை ‘நான்கு எலை’ ஆகிறது. முத்திரைத்தாளில் அச்சடித்த பிறகு கண்டுபிடித்தால் தாளும் வீண், பணமும் வீண். சொடுக்கு உள்ள பலகையில் இரண்டு தட்டலுக்கு இரண்டு சொடுக்கு கேட்டாக வேண்டும்; ஒன்றுதான் கேட்டது என்றால் திரையைப் பார்ப்பதற்கு முன்பே கை நின்றுவிடும். என் கடையில் வேலை பழக வரும் பிள்ளைகளை முதல் மாதம் இந்தப் பலகையில்தான் உட்கார வைக்கிறேன்.

மெக்கானிக்கல் பலகைக்கும் ஒரு நோய் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் உழைத்த சுவிட்சின் உள்ளே தொடுமுனை அழுக்கேறித் துள்ளத் தொடங்கினால், ஒருமுறை தட்டியது இருமுறையாகப் பதிவாகும். ஆங்கிலத்தில் அது ஒரு எழுத்துப் பிழையாகப் பளிச்சென்று கண்ணில் படும். தமிழ்99இல் அது மற்றொரு நல்ல சொல்லாகவே மாறிவிடும்: ‘படம்’ ‘பட்டம்’ ஆகும், ‘கடை’ ‘கட்டை’ ஆகும். பிழைதிருத்தியும் அதைப் பிடிக்காது. எனக்கே ஒருமுறை ஒரு வாடகை ஒப்பந்தத்தில் ‘கடை’ என்பது மூன்று இடங்களில் ‘கட்டை’ என்று விழுந்து, கையொப்பம் இடும்போதுதான் தெரிந்தது. ஆனால் அன்று மாலையே ‘ட’ விசையின் மூடியைக் கழற்றி, அந்த ஒரு சுவிட்சை மட்டும் ஈயப்பற்றை உருக்கி எடுத்துவிட்டு, பழைய பலகை ஒன்றிலிருந்து வேறொன்றை வைத்துப் பற்றவைத்தேன். இருபது நிமிட வேலை. ரப்பர் பலகையில் ஒரு விசை போனால் அந்தப் பலகையே போயிற்று. அப்படித் தூக்கி எறிந்தவை எத்தனை என்று நான் எண்ணிவைக்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்கு நீர் நின்றது. கடை தரைத்தளத்தில் இருப்பதால் கீழ்த்தட்டில் வைத்திருந்த மூன்று விசைப்பலகைகள் இரண்டு நாள் சாக்கடை கலந்த நீரில் கிடந்தன. அவற்றில் இரண்டு ரப்பர் வகை. பிரித்துப் பார்த்தபோது பிளாஸ்டிக் தாள்களின் இடுக்கில் நீர் புகுந்து, மின்கோடுகள் கறுத்து அரித்துப்போயிருந்தன. ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்றாவது பழைய டிவிஎஸ் கோல்டு. அதன் நூற்றுச் சொச்சம் மூடிகளையும் கழற்றிச் சோப்பு நீரில் ஊறவைத்தேன். பலகையை நல்ல நீரிலும் பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலிலும் அலசி, மொட்டைமாடியில் நிழலாகப் பார்த்து ஆறு நாள் காயவைத்தேன். பொருத்தியபோது ஏழு விசைகள் ஊமையாக இருந்தன. ஏழு சுவிட்சுகளை மாற்றினேன். இந்தக் கடிதத்தை அடித்தது அந்தப் பலகையில்தான்.

கடலோரத்தில் இருப்பதால் எங்களுக்கு வேறொரு பகையும் உண்டு. காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று ஐபிஎம் பலகையின் சுருள்வில்லைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த வில் சரியாக வளையாமல் முனகும். இரவில் துணிபோட்டு மூடுவதும், ஆண்டுக்கு ஒருமுறை மூடிகளைக் கழற்றித் துடைப்பதும் நான் கடைப்பிடிக்கும் காப்பு. அதன் உள்ளே தகடுகளைப் பிணைத்திருக்கும் பிளாஸ்டிக் ஆணிகள் வயதானதும் ஒவ்வொன்றாகத் தலை தெறித்துவிடும். பலகையைக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று கேட்கும். என்னுடையதில் அப்படி முப்பதுக்கு மேல் தெறித்தபோது, மீதியையும் செதுக்கிவிட்டு, அந்த இடங்களில் மெல்லிய துளையிட்டு 2 மில்லிமீட்டர் திருகாணிகளும் மரைகளும் வைத்து இறுக்கினேன். கைவேலை தெரிந்த எவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிடலாம். எழுத்துகளுக்கு மட்டும் எந்தப் பழுதும் வந்ததில்லை. மலிவுப் பலகைகளில் எழுத்தை மூடியின் மேல் அச்சடித்திருப்பார்கள். எங்கள் கைக்கு ஓராண்டில் அழிந்துவிடும். ஐபிஎம் மூடிகள் பிபிடி என்ற கெட்டியான பிளாஸ்டிக்; அதில் சாயத்தைச் சூடேற்றி ஊட்டியிருக்கிறார்கள். துணிக்குச் சாயம் ஏறுவது போல எழுத்து மூடிக்குள்ளேயே ஊறியிருக்கிறது. துணி வெளுத்தவர்களால் பெயர் பெற்ற ஊரில் இருக்கும் எனக்கு, முப்பத்தைந்து ஆண்டுகளாக வெளுக்காத அந்தக் கறுப்பைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

இவற்றுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் சத்தம் முதலாவது. அது நியாயமான குறைதான். பக்கத்து அறையில் குழந்தை தூங்கும் வீட்டிலும், பத்துப் பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் அலுவலகத்திலும் நீல சுவிட்சோ வளையும் வில்லோ பொருந்தாது. ஒலி இல்லாமல் மேடு மட்டும் உணர்த்தும் சுவிட்சுகளும், ஒன்றும் உணர்த்தாமல் வழுக்கிச் செல்பவையும் அதே வகையில் கிடைக்கின்றன. செர்ரியின் அடிப்படைக் காப்புரிமை காலாவதியான பிறகு சீன நிறுவனங்கள் பலவும் இவற்றைச் செய்வதால் விலையும் இறங்கியிருக்கிறது. அடுத்த குறை விலை. ரப்பர் பலகையின் விசை ஐம்பது இலட்சம் முதல் ஒரு கோடித் தட்டல் வரை தாங்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது; செர்ரி சுவிட்சுக்கு அந்நிறுவனம் நெடுங்காலம் சொல்லிவந்த கணக்கு 5 கோடி. முதுநிலை வேகத்தில், சொல்லுக்கு ஐந்து தட்டலாக நாளைக்கு ஐந்து மணி நேரம் அடிப்பவர் 67,500 முறை தட்டுகிறார். அவருக்கு எது மலிவு என்பதைக் கடைக்காரர் சொல்லும் விலையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கைவலி வராது, மணிக்கட்டு நோய் வராது என்று சிலர் விளம்பரம் செய்வதை நான் ஏற்கவில்லை. உட்காரும் முறையும் இடைவெளி விட்டு அடிப்பதும்தான் அதற்கு மருந்து என்பது என் அனுபவம்.

இவ்வளவும் எழுதத் தூண்டிய செய்தி ஒன்று உண்டு. சென்ற மாதம் எங்கள் பகுதியில் ஓர் அலுவலகம் தன் பழைய கணினிகளைக் கழித்து ஏலம் விட்டது. திரை, பெட்டி, விசைப்பலகை எல்லாவற்றையும் ஒரே குவியலாக எடைபோட்டு எடுத்துச்சென்றார்கள். அந்தக் குவியலில் நன்றாக வேலை செய்யும் மெக்கானிக்கல் பலகைகள் இருந்ததை வண்டியில் ஏற்றும்போது என் கண்ணாலேயே பார்த்தேன். ஏற்றியவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. அவர்களுக்கு அது வெறும் பிளாஸ்டிக். கழிவுப் பட்டியல் போடும் அலுவலர், விசையை ஒருமுறை அமுக்கிப் பார்த்து, சொடுக்கு உள்ளதைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லியிருந்தால் போதும். கணினியின் மற்ற உறுப்புகள் பத்தாண்டில் வழக்கொழிந்துவிடுகின்றன. விசைப்பலகை அப்படி இல்லை. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த வட்டச் செருகியோடு கூடிய பலகையைக்கூட, நல்ல மாற்றி ஒன்றின் வழியாக இன்றைய யுஎஸ்பி துளையில் பொருத்திவிடலாம். பழைய பலகைகள் கூடுதல் மின்னோட்டம் இழுப்பதால் ஐம்பது ரூபாய் மாற்றிகள் சில சமயம் ஏமாற்றும் என்பதை மட்டும் வாங்குபவர்கள் கவனத்தில் வைக்க வேண்டும்.

எனவே அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் வங்கிகளும் கணினிகளைக் கழிக்கும்போது மெக்கானிக்கல் விசைப்பலகைகளைத் தனியே பிரித்து, தட்டச்சுப் பயிலகங்களுக்கும் கிளை நூலகங்களின் கணினிப் பிரிவுகளுக்கும் கொடுக்க ஆணையிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நாள் முழுதும் தட்டச்சு செய்யும் பணியிடங்களுக்குப் புதிதாக வாங்கும்போது, ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த விலையோடு, ஒரு விசை பழுதானால் அதை மட்டும் மாற்ற முடியுமா என்ற ஒரு வரியையும் சேர்க்க வேண்டும். பார்வையற்ற தட்டச்சர்களுக்கு இது இன்னும் முக்கியம். எஃப், ஜே விசைகளின் மேல் இருக்கும் சிறு மேட்டைத் தடவி இடம் கண்டுகொள்கிற அவர்களுக்கு, எழுத்து விழுந்ததா என்பதைத் திரை சொல்லாது. கணினி உரக்கப் படிப்பதற்கு முன்பே விசை சொல்லிவிட வேண்டும்.

அந்த ஏல வண்டியைத் தொடர்ந்து போய், பழைய இரும்புக் கடையில் எடைக்குப் பதினொரு பலகைகளை வாங்கிவந்தேன். இரண்டைப் பிரித்து உதிரி சுவிட்சுகளுக்காக வைத்துக்கொண்டேன். ஒன்பதைக் கழுவிச் சரிசெய்து, ஒவ்வொரு விசையையும் நூறு முறை தட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்பதும் நன்றாக இருக்கின்றன. இராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் தட்டச்சுப் பயிலகமோ பள்ளியோ நூலகமோ கேட்டால் விலையின்றிக் கொடுத்துவிடுகிறேன்; பழுது வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வந்து பார்க்கிறேன். என் முகவரியைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21.